தொட்டியில் வைக்காத புதினா

அன்புள்ள குட்டிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். புதினா எங்களைவிட நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. சமையலறையில் மீந்த புதினாக் காம்புகளை மழைக்காலத்தில் தோட்டத்தில் ஊன்றினேன் அல்லவா, அப்போதே அம்மா, "அது அடங்காத செடிங்க, தொட்டியில வைங்க" என்றாள். வேர் என்றால் சுதந்திரமாக ஓட வேண்டும் என்று நான் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். வேர் அதைக் கவனமாகக் கேட்டிருக்கிறது. ஓடிப்போய் ரோஜாப் பாத்தியில் குடியேறி, நீ வேலைக்குப் போன வருடம் அம்மா வைத்த மஞ்சள் ரோஜாவை எலும்பும் தோலுமாக்கிவிட்டது. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. எதுவானாலும் பூனையிடம்தான். "சாப்பாடு ஆறுதுன்னு அவர்கிட்ட சொல்லு" என்பாள். பூனை சொல்வதில்லை, நானாகவே போய் உட்காருகிறேன்.

சமாதானத்துக்காக மண்வெட்டியை எடுத்தேன். புதினாவை வேரோடு கொத்தி, துண்டு துண்டாக நறுக்கி, எருவில் கலந்து தோட்டம் முழுக்கத் தூவினேன். மக்கி உரமாகும் என்பது என் கணக்கு. கணுவுள்ள துண்டு ஒவ்வொன்றும் ஒரு செடியாகும் என்பது புதினாவின் கணக்கு. "நட்டுட்டீங்களே சார்!" என்று பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சிரித்தார். இப்போது சிரிப்பதில்லை. சுவருக்கு அடியில் நுழைந்து அவருடைய புல்வெளிக்கும் போய்விட்டது. நாளெல்லாம் பற்பசை வாசனையில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே வாசனையா என்று புலம்புகிறாராம்.

நீ விடுமுறைக்கு வருவதற்குள் அம்மா என்னோடு பேசிவிட வேண்டும். பூனையை நம்பி எத்தனை நாள் குடும்பம் நடத்துவது? ஆகவே, புதினா வைக்கச் சொன்னதே நீதான் என்று அவளுக்கு ஒரு வரி எழுதிவிடு. உன்மேல் அவளுக்குக் கோபம் நிற்காது. குளிரில் காதை மூடிக்கொள், வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, யார் செடி கொடுத்தாலும் வாங்காதே. அம்மா பார்ப்பதற்குள் இதை ஒட்டியாக வேண்டும். பசை எங்கே என்று பூனையிடம் உரக்கக் கேட்டிருக்கிறேன்.

எல்லா நலமும் பெற்று, அளவோடு வளர்ந்து வாழ்க. படித்ததும் கிழித்துவிடு. துண்டுகளை மண்ணில் மட்டும் போடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா

கண்ணு, அம்மா எழுதுகிறேன். பசை கொடுக்க வந்தேன், படித்தேன். பொய் ஒன்றும் எழுத வேண்டாம். தொட்டி வாங்கிவிட்டேன், ரோஜாவுக்கு. அதைத் தூக்கப் பூனையால் ஆகாது.

ஏங்க, மண்வெட்டி வேண்டாம். நீங்க மட்டும் வாங்க.