துரைசாணியின் இரண்டாம் பிரசவம்

அனுப்புநர்:
அச்சகத்தில் பிழை திருத்துபவன்,
நாயின் உரிமையாளருக்கு மைத்துனன். அவர் வீட்டு மாடியறையில் குடியிருப்பவன்.

பெறுநர்:
உதவி இயக்குநர் அவர்கள்,
கால்நடைத் துறை அலுவலகம்,
கால்நடை மருத்துவமனை வளாகம்.

பொருள்: இனி குட்டி ஈனக் கூடாது என்று மருத்துவர் விலக்கிய நாயை மீண்டும் சினையாக்கியது – உரிமையாளர் கையெழுத்தின்றி உடனடி அறுவைக்கு உத்தரவு கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பதினோர் ஆண்டுகளாகப் பிறர் எழுத்தில் பிழை பார்த்தே பிழைப்பவன் நான். எனக்காக எழுதும் முதல் மனு இது. மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. நான் மாமா என்று அழைக்கும் என் அக்காவின் கணவர், ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பவர். கெட்டவர் அல்லர். வேலையில்லாமல் வந்து நின்ற என்னை வைத்துச் சோறு போட்டவர். அவருடைய பக் இனப் பெண் நாய் தரையில் படுக்காது, நாற்காலிதான் கேட்கும். அதனால் துரைசாணி என்று பெயர். இந்த இனத்தில் குட்டிக்குத் தலை பெரிது, தாய்க்கு இடுப்பு குறுகல் என்பது தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்களுக்குத்தான் தெரியாமல் போயிற்று.

2. சென்ற ஆண்டு அவளுக்கு முதல் பிரசவம். எத்தனை குட்டி என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவில்லை. அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு வைக்கவில்லை. ஓர் அட்டைப்பெட்டி, கந்தல் துணி, கத்தரிக்கோல், இவ்வளவே எங்கள் ஏற்பாடு. மூன்று குட்டிகள் பிறந்ததும் "அவ்வளவுதான், வேலை முடிஞ்சுது" என்று மாமா கை கழுவினார். வயிற்றைத் தடவியபோது உருண்டையாக ஏதோ என் விரலில் தட்டுப்பட்டது. சொன்னேன். "பால் கட்டியிருக்குடா. நாய் என்ன உன் புத்தகமா, வரிக்கு வரி தப்புக் கண்டுபிடிக்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

3. மறுநாள் பிற்பகல் வரை அவள் முக்கிக்கொண்டே இருந்தாள். யாரோ சொன்னார்கள் என்று மாமா மருந்துக்கடையில் சீட்டில்லாமல் பிரசவ வலியைத் தூண்டும் ஊசி வாங்கிவந்து போட்டார். குட்டி அடைத்துக்கொண்டிருக்கும்போது அந்த ஊசி போட்டால் கர்ப்பப்பையே கிழியும் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். ஊசி போடும்போது அவள் காலை அசையாமல் பிடித்துக்கொண்டவன் நான். அவள் என் கையை நக்கினாள். விசாரணை என்று வந்தால் என்னையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

4. இம்மருத்துவமனை மருத்துவர்தான் அவளைக் காப்பாற்றினார். நான்காம் குட்டி உள்ளேயே செத்திருந்தது. நைந்துபோன கர்ப்பப்பையைத் தைத்துவிட்டு, "இனிமே சினை புடிக்க விடாதீங்க. வலி எடுத்தா தையல் தாங்காது" என்றார். சீட்டிலும் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்துத் தந்தார். உடம்பு தேறியதும் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். மாமா "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் "பாக்கலாம்" என்றால் பார்க்கப்போவதில்லை என்று பொருள்.

5. இரண்டு மாதத்துக்கு முன், நான் அச்சகத்தில் இருந்த ஒரு பகலில், ஆண் நாயைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். சோறு போட்ட வீடாயிற்றே என்று இத்தனை நாளும் நான் வாய் திறக்கவில்லை. அதற்கு வெட்கப்படுகிறேன். நாளையோடு அறுபத்து மூன்று நாள், நாய்க்குச் சினைக்காலம் நிறையும் கணக்கு. அக்கா பயந்துபோய்க் கேட்டதற்கு மாமா, "போன தடவ தெரியாம மாட்டிக்கிட்டோம். இந்தத் தடவ ஊசி கையிலயே இருக்குல்ல" என்றார். அவர் செய்த ஒரே முன்னேற்பாடு அதுதான். ஃபிரிட்ஜில் முட்டை வைக்கும் இடத்தில் அந்த மருந்துக் குப்பி நின்றது. தண்ணீர் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அதுதான் முதலில் கண்ணில் படும்.

6. ஒரு வாரமாகக் காலையும் மாலையும் துரைசாணியின் உடம்புச் சூட்டை அளந்து, கழித்துப்போட்ட அச்சுத்தாளின் பின்புறம் குறித்து வருகிறேன். தொண்ணூற்றொன்பதுக்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் வலி எடுக்கும் என்று சென்ற ஆண்டே மருத்துவர் சொல்லியிருந்தார். நேற்று மாலை வரை நூறு டிகிரிக்குக் குறையவில்லை. இன்று காலை எட்டு மணிக்குத் தொண்ணூற்றெட்டரை. நான் பார்த்ததில்தான் பிழை இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதுவே. மாமா வேலைக்குப் போயிருந்தார். அக்கா அந்தக் குப்பியை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தாள். "தூக்கிட்டுப் போடா. இங்க நான் பாத்துக்கறேன்" என்று கதவைத் திறந்துவிட்டாள்.

7. இங்கே மருத்துவர் துரைசாணியைப் பார்த்துவிட்டார். வலி தொடங்குமுன் வயிற்றைத் திறந்தாக வேண்டும், அதற்கு உரிமையாளர் கையெழுத்து வேண்டும், அது இல்லையேல் தங்கள் உத்தரவு வேண்டும் என்கிறார். மாமாவை அழைத்தேன். "ஒழுங்கா நாயக் கொண்டுவந்து சேரு. இல்லன்னா திருட்டுக் கேஸ் குடுப்பேன்" என்று துண்டித்துவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. வழக்குக்குப் பயம். அக்கா என்ன பாடு படுவாளோ என்று பயம். எல்லாவற்றையும் விட, பத்து நிமிடமாகத் துரைசாணி மூச்சு வாங்குவதைப் பார்க்கத்தான் பயம்.

சீட்டில்லாமல் ஊசி விற்பவர்கள் பற்றியும், ஆயத்தமில்லாமல் நாயைச் சினையாக்குபவர்கள் பற்றியும் நிறைய எழுத நினைத்திருந்தேன். அவை காத்திருக்கும், இவள் காத்திருக்க மாட்டாள். குட்டிகளை வெளியே எடுத்து, கர்ப்பப்பையையும் நீக்க இப்போதே உத்தரவிட வேண்டுகிறேன். பின்விளைவு எதுவானாலும் என் தலைமேல் ஏற்கிறேன்.

தாங்கள் கூட்டத்தில் இருப்பதாகவும், மனுவைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகும்படியும் தங்கள் உதவியாளர் சொல்கிறார். மன்னிக்கவும், போடவில்லை. கதவு திறந்ததும் தங்கள் கையிலேயே தருவேன்.

இடம்: தங்கள் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சு
நாள்: அறுபத்து இரண்டாவது
நேரம்: முற்பகல் 11.10

இப்படிக்கு,
பிழையை அன்றைக்கே கண்டும் விட்டுவிட்டவன்
(கையொப்பம்)

இணைப்பு: மருத்துவர் சீட்டு ஒன்று; சூடு குறித்த தாள் ஒன்று; நாய் ஒன்று, துணிக்கூடையில், இந்த நிமிடம் வரை உயிரோடு.