கணினி போட்ட மதிப்பெண்ணை ஒரு மனிதர் விசாரிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வே. கருப்பண்ணன் (வயது 72),
மேற்குத் தெரு, வேப்பந்தட்டை,
பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
பெரம்பலூர்.

பொருள்: காலணித் தொழிற்சாலையில் என் பேத்தி மஞ்சுவை மேற்பார்வையாளர் பயிற்சியிலிருந்து நீக்க இருப்பது – நேரில் விசாரிக்க வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன ஆண்டுதான் முதியோர் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றேன். என் கையால் எழுதும் முதல் மனு இது. மெதுவாகத்தான் வருகிறது, ஆனாலும் ஒவ்வொரு வரி முடியும்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறது. எழுத வந்த செய்தி மட்டும் அப்படிப்பட்டது அல்ல.

1. மஞ்சு தையல் மெஷினிலிருந்து மேற்பார்வையாளர் பயிற்சிக்கு வந்தவள். முன்பு பயிற்சிக்கு வருகிறவர்கள் பழைய மேற்பார்வையாளருடன் நின்று, யாரை எந்த வேலையில் வைப்பது என்று பழகுவார்கள். தவறினால் திட்டு வாங்கிக் கற்பார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு டேப்லெட்டில் பெயரைக் காட்டுகிறது. அதன்படி ஆளை அனுப்ப வேண்டும். மாற்றினால் மதிப்பெண் குறையும். தொழிற்சாலையின் பெயரைத் தனித்தாளில் இணைத்துள்ளேன்.

2. தை மாதம் அது லாவண்யா என்ற பெண்ணைப் பசை ஒட்டும் பகுதிக்கு அனுப்பச் சொன்னது. தான் முழுகாமல் இருப்பதை அவள் மஞ்சுவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். பசை நெடி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று மஞ்சு வேறு ஆளை அனுப்பினாள். காரணத்தை எழுது என்று டேப்லெட் கேட்டது. மூன்று மாதம் முடியும்முன் அதை வெளியில் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆகவே மஞ்சு ஒன்றும் எழுதவில்லை. மதிப்பெண் பாதியாகிவிட்டது. அதனால்தான் அவளை நீக்கப் போகிறார்கள். இப்போது மூன்று மாதம் கடந்துவிட்டதால், லாவண்யாவின் சம்மதத்துடன் இதை எழுதுகிறேன்.

3. தொழிற்சாலைக்கு நேரில் போய்க் கேட்டேன். அலுவலர் குருநாதன் மரியாதையாகவே பேசினார். "உங்க பேத்தி நல்ல புள்ளதாங்க பெரியவரே. சிஸ்டம் போட்ட மார்க்க நான் எப்படிங்க மாத்துறது? எனக்கும் அதுதான் மார்க் போடுது" என்றார்.

4. இதற்குப் பின் நடந்ததுதான் என்னைப் பயமுறுத்துகிறது. போன வியாழக்கிழமை பசை நெடியில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். பயிற்சி பெறும் நான்கு பேரும், என்ன செய்வது என்று டேப்லெட் சொல்லட்டும் என நின்றார்கள். மஞ்சுவும் நின்றாள். துப்புரவு செய்யும் காத்தாயிதான் ஓடிப்போய்த் தூக்கினாள். "இவளுவளா நாளைக்கு நம்மள மேய்க்கப் போறாளுவ?" என்று எல்லாரும் கேட்கச் சொன்னாளாம். மஞ்சு வீட்டில் சோறு தொடவில்லை. "இருக்குற மார்க்கும் போயிடும்னு நின்னுட்டேன் தாத்தா" என்றாள். அன்று நால்வருக்கும் முழு மதிப்பெண்.

வரும் வெள்ளிக்கிழமை இறுதிப் பட்டியல் வருகிறது. அதில் பெயர் இல்லாவிட்டால் அவள் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. அதற்குமுன் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவரை அனுப்பி, மஞ்சுவையும் லாவண்யாவையும் நேரில் கேட்க ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மயங்கியவளைப் பார்த்துக்கொண்டு நின்றதற்காக வருகிற அதிகாரி என் பேத்தியைத் திட்டட்டும். லாவண்யாவைப் பசைப் பக்கம் அனுப்பாததற்காக அவளை நீக்க வேண்டாம்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
வே. கருப்பண்ணன்
(கையொப்பம்)

இடம்: வேப்பந்தட்டை
நாள்: 10.03.2025