பெரியப்பா விட்ட தண்ணீர்

மணலூர்பேட்டை

அன்புள்ள அக்காவுக்கு,

வயலை வேண்டுமென்றே காயவிட்டிருக்கிறேன் என்று அன்று உன் அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர்விட்டால் வயலிலிருந்து பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு குறைவாக வெளியேறும். அதற்காகத் துளையிட்ட குழாய் ஒன்றைப் பதித்து, அதில் நீர் அரையடி இறங்கும்வரை காத்திருந்தேன். பாகப்பிரிவினைக்குப் பிறகு மூன்று வருடமாக எங்களோடு பேசாத உன் அப்பா, வெடித்த மண்ணைப் பார்த்துவிட்டு, பொதுக் கிணற்றில் தன் முறைத் தண்ணீரை எங்கள் வயலுக்குத் திருப்பிவிட்டார்.

“உங்கப்பன் படுத்துக்கினானா? சொல்லி அனுப்பக் கூடாதா? வீம்பு புடிச்சவன்! பயிரு இன்னாடி பாவம் பண்ணிச்சி?”

“அப்பா நல்லாத்தான் இருக்காரு. வூட்டுக்கு வாங்க பெரியப்பா” என்று மட்டும் சொன்னேன். அவர் வரவில்லை.

நானும் உனக்கு மூன்று வருடமாக எழுதவில்லை.

நேற்று எங்கள் முறை. அப்பா என்னைக் கேட்காமலே தண்ணீரை உங்கள் வயலுக்குத் திருப்பிவிட்டார்.

உன் தங்கை