படபடப்பு வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்

என் பேச்சியம்மாவுக்கு,

நீ எங்கே இருந்தாலும் கொஞ்சம் இந்தப் பக்கம் காதைக் கொடு. நம் ராணியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நான் ஆஸ்பத்திரியின் வெளிக்கூடத்தில் ஏசி குளிரில் உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் திட்டாதே, மடியில் வைத்து எழுதுகிறேன்.

நம் மகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அந்தத் தைரியத்தில்தான் என் பயத்தையெல்லாம் இதில் கொட்டுகிறேன். அவள் முன்னால் நான் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீ கண்ணை மூடின பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பிறவியிலேயே அவள் இதயத்தில் இருந்த ஓட்டையைக் கைக்குழந்தையாக இருந்தபோது அடைத்தார்களே, அந்தத் தையல் தழும்பிலிருந்துதான் இந்தப் படபடப்பு கிளம்புகிறதாம். போன மழைக்காலத்தில் செம்பூர் ஆபீசில் மயங்கி விழுந்தாள். மாத்திரையைக் கூட்டினார்கள். அதற்குப் பிறகும் கிங்ஸ் சர்க்கிள் பஸ் ஸ்டாப்பில் விழுந்தாள். யாரோ ஒரு பூக்காரம்மா மடியில் தாங்கிக்கொண்டாளாம். இனி மாத்திரையை நம்ப முடியாது, தொடை வழியாக மெல்லிய கம்பியை இதயத்துக்குள் விட்டு, கோளாறான இடத்தைச் சுட்டுவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா.

சுடுவதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்து அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இடம் எது என்று தெரிய வேண்டுமென்றால் படபடப்பை அவர்களே வரவழைப்பார்களாம். வந்தால்தான் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க முடியுமாம்.

நாம் வாழ்ந்த வாழ்க்கையே அது வராமல் பார்த்துக்கொள்ளத்தானே, பேச்சி? தாராவியில் பட்டறைக்கு மேலே குடியிருந்தபோது, பிள்ளை தூங்கினால் நீ படியிறங்கி வந்து அதட்டுவாய். "ஏங்க, இப்பத்தான் கண்ணசந்தா. சுத்தியலத் தட்டாம இருக்கச் சொல்லுங்க." தோல் பைக்கு எத்தனை அவசர ஆர்டர் இருந்தாலும் சுத்தியல் நின்றுவிடும். தீபாவளிக்கு நம் சந்தில் பையன்கள் வெடி போட மாட்டார்கள், மெயின் ரோட்டுக்குப் போய்விடுவார்கள். லிஃப்ட் இருக்கிறது என்பதற்காகவே திலக் நகருக்கு வீடு மாறினோம். கிளம்பப் பார்க்கும் ரயிலுக்கு நாம் மூன்று பேரும் ஓடியதே கிடையாது. பம்பாயில் அப்படி ஒரு குடும்பம் நாமாகத்தான் இருப்போம்.

"அது முழிக்கக் கூடாதுன்னுதானம்மா இத்தன வருசமா மூச்சப் பிடிச்சிக்கிட்டு இருந்தோம். நீங்க வேணும்னே எழுப்பப் போறியளா?" என்று டாக்டரம்மாவிடம் தமிழிலேயே கத்திவிட்டேன். ராணிதான் பாதிக் கோபத்தைக் குறைத்து இந்தியில் மாற்றிச் சொன்னாள்.

அந்த அம்மா கோபிக்கவில்லை. ராணியின் இதயம் ஏற்கெனவே தளர்ந்துபோனது, படபடப்பு வந்தால் ரத்தத்தைத் தள்ளாது, தேடி முடிக்கும்வரை உடம்பு தாங்காது என்றார். அதனால் தொடையில் குழாய்கள் போட்டு வெளியே ஒரு பம்பை ஓடவிடுவார்களாம். அது ரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு ஏற்றி, திருப்பி அனுப்புமாம். இதயம் தன் பாட்டுக்குத் தறிகெட்டு ஓடினாலும் மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்குமாம். ரத்தக்கசிவு வரலாம், ரத்தம் உறைந்து அடைக்கலாம், காலுக்கு ரத்தம் குறையலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

பம்ப் என்றதும் எனக்கு நம் பில்டிங் தண்ணீர் பம்ப்தான் கண்ணில் வந்தது. கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பேட்டரி இருக்கிறது, அதுவும் போனால் கையால் சுற்றலாம் என்றார். கையாலா! அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளை வார்டில் சேர்த்து, கம்ப்யூட்டர் திரையில் துடிப்பைப் பார்த்துக்கொண்டே மாத்திரையை நிறுத்தினார்கள். மாத்திரை உடம்பில் இருந்தால் படபடப்பு வராதாம். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் சின்ன வயதில் நீ செய்த வேலையைத்தான் செய்தேன். மாட்டுங்காவில் வாழைப்பழம் வாங்கி, ஒன்றில் மாத்திரையைச் செருகிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் உரித்தாள். வாயில் வைக்காமல் இரண்டாகப் பிட்டாள்.

"பப்பா, அம்மா குடுத்த வாழைப்பழம் எதையும் நான் பிட்டுப் பாக்காம தின்னதே இல்ல. உங்களுக்குத் தெரியாதா?" என்று மாத்திரையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். எனக்கு உண்மையிலேயே தெரியாது. உனக்குத் தெரியுமா?

"பிள்ள, பயமா இருக்குல்லா," என்றேன்.

"எனக்கும்தான். ஆனா பஸ் ஸ்டாப்ல வந்தா என்கிட்ட பம்ப் இருக்காது. இங்க இருக்கும். இங்கயே வரட்டும், பப்பா. பிளீஸ்."

இவ்வளவு தெளிவு இவளுக்கு யாரிடமிருந்து வந்தது? என்னிடமிருந்து இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

இதுவரை எழுதிவிட்டு நிறுத்தினேன். கேரளத்து நர்ஸ் ஒருத்தி வெளியே வந்தாள். "அங்கிள், பம்ப் ஓடுது, எல்லாம் ரெடி. ஆனா அந்தத் துடிப்பு வரமாட்டேங்குது. டாக்டர் டிரை பண்ணிட்டே இருக்காங்க. வரலேன்னா சரியான இடம் தெரியாது." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேள். சுட வேண்டிய இடம் தெரியாமலே அவளை வீட்டுக்கு அனுப்பினால், மறுபடி ஏதோ ஒரு பஸ் ஸ்டாப், ஏதோ ஒரு பூக்காரம்மா. எல்லா நாளும் தாங்க ஆள் இருக்குமா? சாமி பெயர் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அந்தப் படபடப்பையே கூப்பிட்டேன். "கண்ட நேரத்துல வந்து நின்னியே, இப்ப வந்து தொலையேன். வா, இப்ப வா." பக்கத்தில் இருந்த குஜராத்தி அம்மா, போனில் யாரையோ திட்டுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

பேச்சி, பெற்ற தகப்பன் கேட்கிற வரமா இது? வெட்கமில்லாமல் அழுதுகொண்டே கேட்டேன்.

இப்போதுதான் நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "வந்துடுச்சு அங்கிள். பிரஷர் இறங்காம நிக்குது. இனி தேடணும், டைம் ஆகும்."

ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் அவள் இதயம் தறிகெட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் இந்தப் பக்கம் அதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். சந்தோஷமா பயமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒன்று கேட்பேன், கோபிக்காதே. உனக்கு அங்கே தனியாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவள் முகத்தை உன் மனசு தேடும். ஆனால் இன்றைக்கு அவளைக் கூப்பிட்டுவிடாதே. துணை வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடு. பட்டறைச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஏன் எதற்கு என்று கேட்காமல், ஒரு சண்டையும் போடாமல் வருவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்,
ராணியின் அப்பா
சுடலைமுத்து