இன்னும் நேரம் இருக்கு

ஆகஸ்ட் 4, திங்கள்

சோளகக் காற்று. காயப்போட்ட துணியெல்லாம் மண். வாசலில் இரண்டு கழுதை, விரட்டியும் போகவில்லை.

வேலை கிடைத்துவிட்டது. இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த பெண்களின் உடம்பில் பயம் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்கிற ஆய்வு. நடத்துவது மேடம், கொழும்பில் உளவியல் படிப்பிக்கிறவ. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மண்டபம் எடுத்திருக்கிறா.

செய்முறை: பெண் முதலில் ஒரு குழாயில் துப்ப வேணும். பிறகு உள்ளே கூப்பிட்டு நிற்க வைப்போம். மேசைக்குப் பின்னால் நானும் நிரோஷன் என்ற பெடியனும், வெள்ளைக் கோட்டில். "நீங்கள் ஏன் ஒரு நல்ல தாய்? ஐந்து நிமிடம் சொல்லுங்கோ." சிரிக்கக்கூடாது. தலையாட்டக்கூடாது. ஆள் நிறுத்தினால் "இன்னும் நேரம் இருக்கு. தொடருங்கோ" மட்டும். அதற்குப் பிறகு கணக்கு: ஆயிரத்திலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழிக்க வேணும். பிழைத்தால் முதலிலிருந்து. பிறகு திரும்பவும் துப்பல். மூளை பயந்தால் உடம்பில் ஒரு சுரப்பு கூடும், எச்சிலிலும் தெரியும். கொழும்பில் அதை அளப்பார்கள்.

கடைசியில் ஆளை இருத்தி, "அது நடிப்பு, உங்களை ஒருவரும் எடை போடவில்லை" என்று விளக்கி, தேத்தண்ணி கொடுத்து அனுப்ப வேணும். அதுவும் என் பொறுப்பு.

மேடம்: "உங்கட முகம் இதுக்கு நல்ல முகம். உள்ளுக்கை என்ன ஓடுதெண்டு ஒண்டும் தெரியாது."

செய்முறையை வெளியில் யாருக்கும் சொல்லக்கூடாதாம். மாமியிடம் அங்கே ரைப் அடிக்கிற வேலை என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 6, புதன்

முதல் நாள். நாலு பேர். மூன்றாவது ஆள் அழுதா. நிரோஷனுக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. அவன் பார்சலிலும் பாதி நான்தான் சாப்பிட்டேன். சூடை மீன் பொரியல், உப்பு காணாது.

வீட்டுக்கு வர, மாமி குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, கட்டாரில் இருக்கிற மகனோடு, என் மனுசன் ரெஜியோடு, போனில். நான் வந்தது தெரிந்தும் குரலைக் குறைக்கவில்லை.

"அவளுக்கு அழுகையும் வராது தம்பி. ரெண்டு பிள்ளை வயித்திலை நிக்காமல் போச்சு, ஒரு சொட்டுக் கண்ணீர் நான் காணயில்லை. மரக்கட்டை."

பங்குனியில் போனது இரண்டாவது. ஏழாம் மாதம். ஆசுப்பத்திரியால் நான் வருமுதலே அலுமாரியில் வைத்திருந்த பிள்ளைச் சட்டையெல்லாம் மாமி பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டா. என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. மஞ்சள் சட்டை இப்போதும் வேலிக்கு அந்தப் பக்கம் தவழ்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

சீனி, சவர்க்காரம், காஸ் முடியப்போகுது.

செவ்வாய்க்கிழமை கோயில் மாதர் சங்கத்து ஆக்கள் வான் பிடித்து ஆய்வுக்குப் போகினமாம். மாமியும்.

"என்ன கேப்பினம் பிள்ளை?"

"எச்சில் எடுப்பினம் மாமி. கொஞ்சம் கதைக்கச் சொல்லுவினம்."

"அவ்வளவுதானே."

சொந்தக்காரர் வந்தால் எழும்பிப் போய்த் தன்னிடம் சொல்ல வேணும் என்று மேடம் முதல் நாளே சொன்னவ. நினைவிருக்கு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாமி மூன்றாவதாக வந்தா. பூசைக்குக் கட்டுகிற நீலச் சீலை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, எங்கட ஜெனி."

நான் எழும்பவில்லை. கேள்வியை வாசித்தேன்.

"நான் நல்ல தாய்தான். முகாமிலையும் பிள்ளையளைப் பட்டினி போடயில்லை. மகனைப் படிப்பிச்சன். மகளைக் கட்டிக் குடுத்தன்." சிரித்தா. "அவ்வளவுதான்."

"இன்னும் நேரம் இருக்கு. தொடருங்கோ."

சிரிப்பு நின்றது. நிரோஷனைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, நிலத்தைப் பார்த்தா. பிறகு:

"ரெஜிக்கு முதல் ஒரு பொம்பிளைப்பிள்ளை. முகாமிலை பிறந்தது. காய்ச்சல். நான் தண்ணி வரிசையிலை நிண்டனான். குடத்தோடை வரேக்கை முடிஞ்சு போச்சு. அதின்ர சட்டையை ஒளிச்சு வைச்சு, மணந்து மணந்து பாத்து, எனக்குப் புத்தி பேதலிச்சிட்டுது. கனகாலம். அதுதான் உவளுக்கு அந்தப் பாடு வரக்கூடாதெண்டு, ஆசுப்பத்திரியாலை வரமுதல் சட்டையளைக் குடுத்திட்டன். உதிலை இருக்கிறது என்ர மருமகள்தான். அவளிட்டக் கேளுங்கோ. சொல்லு பிள்ளை."

நிரோஷன் என் பக்கம் திரும்பினான்.

எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்காமல் இல்லை. ஒரு சொல் போதும். ஒரு தலையசைப்பு.

"இன்னும் நேரம் இருக்கு. தொடருங்கோ."

மிச்ச நேரம் முழுக்க மாமி சீலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விட்டபடி நின்றா. கணக்கில் இரண்டாவதிலேயே பிழை. "பிழை. முதலிலிருந்து." திரும்பவும் பிழை. திரும்பவும் சொன்னேன். பிறகு குழாயைக் கொடுத்தால், வாய் காய்ந்துபோய் எச்சில் வரவில்லை. குழாயை உதட்டில் வைத்தபடி குழந்தைப்பிள்ளை மாதிரி நின்றா.

மேசையில் கிடந்த, விரலில் மாட்டுகிற நாடி மெஷினை எடுத்து என் விரலில் மாட்டிப் பார்த்தேன். சும்மா இருக்கிற நேரம் என்ன காட்டுமோ அதே.

நிரோஷன்: "அக்கா, அவவுக்கு விளக்கம் சொல்ல வேணுமெல்லே?"

"வீட்டை போய் நான் சொல்லுறன்."

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் முதல் தேத்தண்ணி எனக்கு. முட்டைப் பொரியல். மாமி எனக்கு முட்டை பொரித்ததே இல்லை.

பின்னேரம், குசினி வாசலில் நின்றபடி: "நான் பிழையாக் கதைச்சனானா பிள்ளை?"

"எனக்குத் தெரியாது மாமி. கொழும்பிலைதான் முடிவெடுக்கிறது."

"என்ன முடிவு?"

"அது அவையளுக்குத்தான் தெரியும்."

"ரெஜிக்கும் சொல்லுவினமோ?"

"தெரியாது."

நன்றாக நித்திரை வந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மடு மாதா கோயில் திருவிழா. தெரு வெறிச். மாமி போகவில்லை. ஒரு வருசமும் விட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து கேட்க, "கால் ஏலாது" என்றா. கால் நன்றாகத்தான் இருக்கு. முற்றம் இரண்டு தரம் கூட்டினா.

காஸ் முடிந்துவிட்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாமி மெலிந்துவிட்டா. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே நாய்க்கு வைக்கிறா. ரெஜி எடுத்தால் போனை உடனே என்னிடம் நீட்டுகிறா.

இன்றைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். கிட்டப் போனேன். மாமி பயந்துபோய் எழும்பி நின்றா, எனக்கு. எழும்பி நின்றதைக் கண்டபிறகு சொல்ல மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நிரோஷன் மேடத்திடம் சொல்லிவிட்டான். கோழை. அதற்கும் ஏழு நாள் எடுத்தான்.

மேடம் நேரே வீட்டுக்கு வந்தா. முன் அறையில் மாமிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, கையைப் பிடித்து, எல்லாம் சொன்னா. நடிப்பு. முடிவு என்று ஒன்று இல்லை. ஒருவரும் உங்களை எடை போடவில்லை. மன்னிக்க வேணும். மாமி தலையாட்டிக்கொண்டே கேட்டா.

பிறகு மேடம் என்னை வெளியில் கூப்பிட்டா.

"ஏன் செய்தனீங்கள்?"

வாசலில் நின்ற கழுதையை விரட்டினேன்.

"நாளைக்கு வரவேண்டாம். அவவின்ர குழாயளையும் எறியத்தான் வேணும். குடும்ப ஆள் இருந்தால் செல்லாது."

மேடத்தின் வான் போனபிறகு மாமி முற்றத்தில் என்னோடு கதைத்தா. சத்தமில்லாமல்.

"அந்தப் பெடியன் நடிச்சவன்தான். அது எனக்கு அண்டைக்கே தெரிஞ்சது. நீ நடிக்கயில்லை பிள்ளை."

ஆகஸ்ட் 21, வியாழன்

மாமி விடிய வவுனியா பஸ்ஸில் மகள் வீட்டுக்கு. ஒரு பை. ஓட்டோவுக்குள் ஏறின பிறகு:

"என்ன வேணுமெண்டாலும் ரெஜிக்குச் சொல்லு. அந்தப் பிள்ளையின்ர விசயத்தை மட்டும் சொல்லாதை. அவனுக்குத் தெரியாது."

ஓம் என்றேன்.

பின்னேரம் ரெஜி எடுத்தார். அம்மா ஏன் தங்கச்சி வீட்டை போனவ? என்ன நடந்தது? நீ என்ன செய்தனீ? அந்த "நீ என்ன செய்தனீ" எனக்குப் பிடிக்கவில்லை.

"உங்களுக்கு ஒரு அக்கா இருந்தவ. தெரியுமோ?"

முழுக்கச் சொன்னேன். முகாம், காய்ச்சல், குடம், சட்டை. லைன் வெட்டுப்பட்டுவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். இல்லை.

"அவவுக்கு என்ன பேர்?" என்று கேட்டார்.

தெரியாது. நாங்கள் கேட்கவில்லை.