கொப்பரைத் தராசில் ஏறினேன்

1955, ஆடி மாதம், வெள்ளி இரவு

எடை கூடியிருக்கிறது! கொப்பரைக் கடைத் தராசில் இன்று ஏறிப் பார்த்தேன். உடம்பு குறைய நடக்கச் சொன்னார் டாக்டர். எங்கள் திருவிதாங்கூர்த் தமிழ்ப் பகுதி தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று குளத்தூரிலிருந்து நெய்யாற்றின்கரை வரை எல்லா ஊர்வலத்திலும் நடந்தேனே!

“நீங்க நடந்தது உள்ளதாக்கும். முக்குக்கு முக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்னது ஆரு?” என்று சிரித்தாள் மனைவி ஞானம்மாள்.

ஊர்வலத்துக்கு வழியெல்லாம் இலை போடுகிறவர்களிடம் வேண்டாமென்று எப்படிச் சொல்வது? இலையைத் தள்ளினால், சேரக் கூடாதென்கிற எதிர்ப்பக்கத்து ஆளோ என்று பார்க்கிறார்கள்.

ஊர்வலத்தில் பிடிபட்டு லாக்கப்பில் கிடந்த அவள் தம்பி தங்கையன் மாலையில் வந்தான். நடக்காமலே பாதி ஆளாகியிருந்தான். எனக்குப் பொறாமைதான். ஆனால் எங்கள் வாசற்படி ஏறுவதற்குள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். நானோ இப்போதெல்லாம் மூச்சு வாங்காமல் ஏறுகிறேன். அப்படியானால் நடை வீணாகவில்லை. தீனிதான் கெடுத்திருக்கிறது. நடையை எவ்வளவு, தீனியை எவ்வளவு வைத்துக்கொள்வது என்றுதான் பிடிபடவில்லை.

“நாளைக்கு ஊர்வலத்துக்கு நானும் வாறேன் அத்தான்” என்றான் தங்கையன்.

வரட்டும். என் இலையில் பாதியை அவனுக்குத் தள்ளிவிடலாம். அவன் தேறுவான், நான் இளைப்பேன்.

ஒன்றுதான் உறுத்துகிறது. போலீஸ் துரத்தினால் இப்போது என்னால் ஓட முடியும். அவனால் முடியாது. அவனை விட்டுவிட்டு ஓடுவேனா?