ஜாஸ்மின் பேரை வைக்காதே

கொல்கத்தா
6.7.2024

அன்புள்ள ஹெலனுக்கு,

நான் அஸ்ஸலாமு அலைக்கும்னு எழுதினா, நீ ஸ்தோத்திரம்னு பதில் எழுதுவே. ஹாஸ்டல்ல ஆரம்பிச்ச கூத்து, நாற்பது வயசாகியும் விடல.

பார்சல் உடையாம வந்துது. மூணு மீனும் ஸ்பிரிட்ல பத்திரமா இருக்கு. ஆராய்ச்சிக்கு அனுப்பற பாட்டிலை பிரியாணி மசாலா பையில சுத்தி அனுப்பினவ இந்தியாவுலயே நீ ஒருத்திதான். எங்க லேப் முழுக்க ஆம்பூர் வாசனை.

விஷயத்துக்கு வர்றேன். வேலூர் காலேஜ்ல பரீட்சைக்கு முன்னாடி ராகம் போட்டு ஒப்பிப்போமே: வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். உன் மீன் குடும்பம் வரைக்கும் சமத்தா வந்துது. பேரினமும் அயிரையோடதுதான். சிற்றினத்துல வந்து முரண்டு பிடிக்குது. துடுப்பு முள் கணக்கு ஒத்து வரல. வாலடியில இருக்கிற அந்த ரெண்டு கறுப்புப் பொட்டு எந்தப் புத்தகத்துலயும் இல்ல. இது இதுவரைக்கும் யாரும் பேர் வைக்காத மீனுடி!

உங்க ஓடை மடுவுல இதை முதல்ல பிடிச்சது உன் பொண்ணுதானே? அவ பேரையே வைக்கப் போறேன். உன் பேரையே வெச்சுக்க வேண்டியதுதானேன்னு நீ கேப்பே. சட்டம் தடுக்கல. ஆனா கண்டுபிடிச்சவ தன் பேரைத் தானே வெச்சுக்கிட்டா, எங்க தொழில்ல அதைவிட மானக்கேடு கிடையாது. சாகற வரைக்கும் சொல்லிச் சொல்லி சிரிப்பாங்க.

ஜாஸ்மினுக்கு வயித்து வலி தேவலையா?

உன்
அஃப்ஸர்


ஆம்பூர்
19.7.2024

அன்புள்ள அஃப்ஸருக்கு,

ஸ்தோத்திரம். போதுமா?

உன் காயிதத்தை ஜாஸ்மின் நாலு தரம் படிச்சுட்டு ஸ்கூல்ல கொண்டு போய் காட்டிட்டா. வாத்தியார் மொதக்கொண்டு அவள மீனம்மான்னு கூப்பிடறாங்களாம். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவ சிரிச்சு நான் பார்த்தேன். அதுக்கே உனக்கு நன்றி சொல்லணும்.

வயித்து வலி தேவலையே இல்லடி. சாப்பிட்டது தங்கல, வாந்தி. பத்து வயசுப் பொண்ணு, கை குச்சி மாதிரி ஆயிடுச்சு. பக்கத்துல ரெண்டு டாக்டர் பார்த்தாச்சு, ஒருத்தர் பூச்சிங்கறார், ஒருத்தர் கேஸுங்கறார். எனக்கு பயமா இருக்கு. ஷூ கம்பெனில தையல் லைன்ல நிக்கறப்ப போன் அடிச்சா பாதித் தையலை விட்டுட்டு ஓடறேன். வெளில ஒரு பொட்டுக்கடலை வாங்கித் தர்றதில்ல. வீட்டுத் தண்ணி தவிர வேற தண்ணி தொட விடறதில்ல. குழாய்ல தண்ணி கம்மியா வருதுன்னு எங்க வீட்டுக்காரர் இன்பராஜ் வேலை செய்யற தோல் பதனிடற ஷாப்புல இருந்து கோடைல ரெண்டு நீல டிரம் எடுத்தாந்தார். எங்க தெருவுல எல்லார் வீட்டுலயும் இருக்கறதுதான். ஒண்ணை சோப்புப் போட்டு தேய்ச்சு குடிதண்ணிக்கு வெச்சிருக்கேன். இன்னொண்ணு பின்னாடி சும்மா கிடக்கு.

மடு வத்திக்கிட்டே வருது. மேல ஒரு தோல் ஷெட் இருக்கு. பெருமழை வந்தா அந்தச் சாக்குல கழிவுத் தண்ணிய ஓடைல திறந்து விட்டுருவாங்க, ஊருக்கே தெரியும். கேட்டா யாரும் வாய் திறக்க மாட்டாங்க. எல்லார் வீட்டு சோறும் தோல்லதானே வேகுது.

உன்
ஹெலன்


கொல்கத்தா
9.8.2024

ஹெலன்,

தப்பா நினைக்காதே, நேரா விஷயத்துக்கு வர்றேன். எனக்குத் தூக்கம் வரல.

தெரிஞ்ச பசங்களை விட்டு அமிர்தி பக்கம், ஒடுகத்தூர் மலையடி எல்லா ஓடையிலயும் வலை போட்டுப் பார்த்துட்டேன். சாதா அயிரைதான் வருது. ரெண்டு பொட்டு அயிரை ஒண்ணு கூட இல்ல. முன்னாடி இருந்திருக்கும், நாம யாரும் பார்க்கலை. இப்போ உலகத்துலயே உங்க மடுவுல மட்டும்தான் இருக்கு போல. அது போச்சுன்னா போச்சு, திரும்பக் கிடைக்காது.

மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல புகார் குடுத்தா "அந்த மீனுக்குப் பேர் இன்னா மேடம்?"னு கேக்கறாங்க. பேர் அச்சாகாத உயிருக்காக எந்த பைலும் நகராதாம். கட்டுரை வர இன்னும் ரெண்டு மாசம். எனக்கு லீவு செப்டம்பர்லதான். அதுவரைக்கும் நீதான் கதி. மழைக்கு முன்னாடி எப்படியாவது காப்பாத்துடி. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.

ஜாஸ்மினை வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. தள்ளிப் போடாதே.

அஃப்ஸர்


வேலூர்
28.8.2024

அஃப்ஸர்,

போன்ல பாதி அழுகையிலயே போயிடுச்சு. அதான் ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து எழுதறேன்.

போன ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு வந்தா மலைப்பக்கம் ஒரே மழைக் கருக்கல். நீ கெஞ்சினது மனசுல இருந்துச்சு. நானும் ஜாஸ்மினும் வலைய எடுத்துக்கிட்டு ஓடினோம். மடு முழங்கால் ஆழம்தான், அரிச்சுப் பார்த்து பிடிச்சோம். பொட்டு வெச்சது ஒண்ணு விடாம பிடிச்சோம்னு நினைக்கிறேன். பின்னாடி கிடந்த டிரம்மைக் கழுவி மடுத் தண்ணியே ஊத்தி அதுல விட்டோம். ஜாஸ்மின் ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சா. மத்தியானமே மழை பிடிச்சுது. சொல்லி வெச்ச மாதிரி ஓடைல கறுப்புத் தண்ணி நுரையோட வந்துது. நல்ல வேளை, காப்பாத்திட்டோம்னு அவ குதிச்சா. நானும் குதிச்சேன்டி.

விடிஞ்சு மூடியத் திறந்தா எல்லாம் வெள்ளையா மேல மிதக்குது.

மூச்சு முட்டிச்சோன்னு நினைச்சேன். இன்பராஜ் வந்து எட்டிப் பார்த்தார். டிரம்ல ஒட்டியிருந்த பாதி கிழிஞ்ச சீட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். அவர் முகம் போன போக்க என் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். தோல்ல பூஞ்சை பிடிக்காம இருக்க ஊத்தற மருந்து டிரம்மாம். சோப்பு டிரம்முன்னு நினைச்சு எடுத்தாந்தாராம். ரெண்டும் ஒரே நாள், ஒரே அடுக்குல இருந்து எடுத்தது.

ரெண்டும், அஃப்ஸர். அடுப்படில இருக்கறதும்.

கோடைல இருந்து என் பொண்ணுக்கு என் கையால அதைத்தான் மொண்டு குடுத்தேன். வெளித் தண்ணி குடிக்காதேன்னு அடிச்சு அடிச்சு அதைக் குடிக்க வெச்சேன். நாங்க கம்பெனில கேன் தண்ணி குடிக்கிறோம், லீவுலயும் அப்புறம் உடம்பு முடியாமலும் அவதான் நாள் பூரா வீட்ல. இன்பராஜ் டிரம்மை எட்டி உதைச்சுட்டு நடு வீட்ல உக்காந்து அழுதார். அன்னிக்கே இங்க வந்துட்டோம். ரத்தம் எடுத்திருக்காங்க. ஈரலைப் பத்தி ஏதோ பேசிக்கிறாங்க, எங்ககிட்ட முழுசா சொல்லல.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த மீனுக்கு ஜாஸ்மின் பேரை வைக்காதே. செத்து ஒழிஞ்ச மீன்டி அது. நான் படிச்சவதான், உன் கூடவே ரேங்க் வாங்கினவதான், எனக்கு இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு தெரியும். இருந்தாலும் வேண்டாம்.

ஹெலன்


வேலூர்
17.9.2024

அஃப்ஸர்,

பதிலே இல்லையே. போனும் எடுக்க மாட்டேங்கறே.

வாந்தி நின்னிருக்கு. காலைல ஒரு இட்லி தங்கிச்சு. ஆனா டாக்டர் இன்னும் வீட்டுக்குப் போங்கன்னு சொல்லல. தெருவுல வாஹித் பாஷா பாய் வீடு வீடா போய் எல்லார் நீல டிரம்மையும் கவுத்துட்டாராம். பாதிப் பேர் திட்டினாங்களாம்.

அச்சு ஆயிடுச்சா? ஆயிடுச்சுன்னா மாத்தவே முடியாதுன்னு ஜாஸ்மின் சொல்றா, நீதான் அவகிட்ட சொன்னியாம். அவ பெருமையா சொல்றா, நான் பேச்சை மாத்திடறேன். எங்கயோ ஒரு புத்தகத்துல அவ பேரைப் போட்டு பக்கத்துல "அழிந்துவிட்டது"ன்னு போடுவாங்க. கோவமா இருந்தா நாலு வார்த்தை திட்டியாவது எழுது.

ஹெலன்


கொல்கத்தா
3.10.2024

என் ஹெலனுக்கு,

கோவமா? உன் மேலயா? பைத்தியம். வெட்கம்டி. உலகத்துலயே அங்க மட்டும்தான்னு சொல்லி உன்னைப் பயமுறுத்தி ஓட விட்டவ நான். நீ பிடிக்காம விட்டிருந்தாலும் கறுப்புத் தண்ணில போயிருக்கும், அந்த டிரம்மை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாங்க. இதைச் சொன்னா உனக்கு ஆறுதலான்னு தெரியல. எனக்கு இல்ல. போனை எடுக்கவும், லீவு போட்டு அங்க வரவும் எனக்கு தைரியம் வரல. மன்னிச்சுடு.

உன் காயிதம் வந்தப்ப கட்டுரை அச்சுக்குப் போயிடுச்சு. ஜாஸ்மின் சொன்னது நிஜம். ஒரு தடவை வெளியாயிட்டா அந்தப் பேரைக் கயாமத் வரைக்கும், உங்க பாஷைல நியாயத்தீர்ப்பு நாள் வரைக்கும், யாராலயும் எடுக்க முடியாது. பத்திரிகைக்காரங்க கையைக் காலைப் பிடிச்சு கடைசி நேரத்துல நிறுத்தினேன். மீன் இருந்த இடத்துல இப்போ ஒண்ணு கூட இல்லன்னும் சேர்த்து எழுதினேன். அந்த ஷெட்டையும் எழுதினேன். வேற பேர் உடனே குடுங்கன்னாங்க.

ஊர் பேர் வைக்கலாம்னு பார்த்தேன். அந்த ஊர்லதானே உன் பொண்ணு ஓடி விளையாடணும். ஓடை பேரா? அதுவும் மனசு வரல. அழிஞ்சு போச்சுங்கற அந்த முடிவோட யார் பேரையும் கட்ட எனக்குக் கை வரல.

அதனால என் பேரை வெச்சுட்டேன்.

நேத்து அச்சாகி வந்துடுச்சு. லேப்ல ரெண்டு பேர் வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கிறாங்க. என் பழைய ப்ரொபசர் போன் பண்ணி "இன்னாம்மா இது?"ன்னார். சிரிக்கட்டும். இனிமே எவன் எங்க அந்த மீன் செத்துப்போச்சுன்னு எழுதினாலும், என் பேரைப் போட்டுத்தான் எழுதணும். உன் பொண்ணு பேர் அந்தப் பக்கத்துல எங்கயும் இல்ல. நீ பயப்படாதே.

ஜாஸ்மின் கேப்பா. ஆன்ட்டிக்கு ரொம்பப் பேராசை, உன் மீனைத் தானே வெச்சுக்கிட்டாங்கன்னு சொல்லிடு. என் மேல கோவப்படட்டும். ரொம்ப வருஷம் கோவப்படட்டும்.

உன்
அஃப்ஸர் ஜஹான்